பழைய துப்பாக்கிக்கு நியாய விலை மதிக்கும் விதம்

(ஜவ்வாது மலைப் பகுதியில் வேலைபார்க்கும் விவசாய டெமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

ஜவ்வாது மலையில் சாமையும் கேழ்வரகும் கதிர் முற்றும் காலத்தில் குடியானவன் இரவில் வீட்டிலே படுப்பது அரிது. கொல்லையில் பரண் கட்டி, தீ மூட்டி, தகரத்தைத் தட்டிக்கொண்டு விடியுமட்டும் விழித்திருக்கிறான். ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவு இறங்கினால், தின்றது போக மிதித்தும் கிளறியும் பாழாக்குவது அதிகம். இவ்வளவு பாடுபட்டவனிடம் யாரேனும் வந்து, "பழைய துப்பாக்கி ஒன்று இருக்கிறது, மலிவாகத் தருகிறேன்" என்று சொன்னால், புளி விற்ற பணத்தையோ ஆடு விற்ற பணத்தையோ எடுத்துக் கொடுக்க அவன் மனம் தாவுவது இயல்பே. விதையையும் எருவையும் பற்றிச் சொல்லுவதற்காக நாம் கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம், "ஐயா, இதற்கு என்ன கொடுக்கலாம்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாட்டின் விலையை மதிக்கும்போது பல்லையும் சுழியையும் நடையையும் பார்க்கிறோம். நிலத்தின் விலையை மதிக்கும்போது பத்திரத்தையும் கிணற்றையும் மண்ணையும் பார்க்கிறோம். துப்பாக்கிக்கும் இவ்வாறே ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காகிதம், இரண்டாவது குழல், மூன்றாவது விசைப் பூட்டும் கட்டையும், கடைசியாக அதனால் நமக்கு ஆகவேண்டிய வேலை. இவ்வொழுங்கை மாற்றி, பளபளப்பையும் விற்பவன் சொல்லும் கதையையும் முதலில் பார்ப்பவர்களே ஏமாறுகிறார்கள்.

1. துப்பாக்கியின் வகைகள்

நமது பக்கத்தில் விலைக்கு வரும் பழைய துப்பாக்கிகள் மூன்று வகைப்படும்.

முதலாவது, குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் இட்டுக் கோலால் கெட்டிக்கும் துப்பாக்கி. ஆபீஸ் காகிதங்களில் இதனை எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவர். குழலின் அடியில் நிப்பிள் என்னும் சிறு முளை இருக்கும். அதன்மேல் கேப்பை வைத்து, குதிரை விழுந்து அடிக்கும்போது தீப்பற்றுகிறது.

இரண்டாவது, நடுவில் மடித்துத் தோட்டாவைப் பின்புறமாக இடும் ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல் துப்பாக்கி. இவற்றுள் பன்னிரண்டு போர் என்பதே மிகுதி. குழலின் துவாரத்திற்குச் சரியான அளவுள்ள ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பது இப்பெயரின் பொருள். அத்துவாரத்தின் குறுக்களவு சுமார் 18.5 மில்லிமீட்டர்.

மூன்றாவது, வேட்டை ரைபிள். இதன் குழலினுள்ளே திருகுபோலச் சுற்றிச் செல்லும் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவ்வரிகளைப் பற்றிச் சுழன்றுகொண்டு செல்வதால் நெடுந்தூரம் குறி தவறாது. முன்னே கூறிய இரண்டு வகைகளிலும் குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும்.

பயிர்க்காவலுக்கு உரியது எது என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்காக லைசென்ஸ் கேட்பவர்க்கு வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியையே குறிக்கிறது. அது போதாது என்று அதிகாரி திருப்தியடைந்தால் வழுவழுப்பான குழலுள்ள வேறொரு துப்பாக்கிக்கு உத்தரவு கொடுக்கலாம். ரைபிளுக்கு அங்கே இடமில்லை. காரணமும் தெளிவானது. ரைபிள் குண்டு குறி தவறினால் ஒரு மைலுக்கு அப்பால் உள்ள ஆளையும் கொல்லவல்லது. நமது மலையிலோ ஒரு கொல்லைக்கு அடுத்த சரிவில் இன்னொரு கொல்லையும் அதில் ஒரு பரணும் இருக்கின்றன.

2. வேட்டை ரைபிளின் விலை ஏன் இறங்கியது

ஒரு காலத்தில் ஜமீன்தார்களும் தோட்டக்காரர்களும் உத்தியோகஸ்தர்களும் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய ரைபிள்கள் இன்றும் சில வீடுகளில் உறங்குகின்றன. அவற்றை விற்க வருபவர்கள் பழைய பெருமையைச் சொல்லிப் பெருவிலை கேட்பார்கள். ஆனால் 1972-இல் வனஜீவிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நாளடைவில் பொழுதுபோக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடுதல் குற்றமாயிற்று. எந்த வேலைக்கென்று அப்பொருள் செய்யப்பட்டதோ அவ்வேலை இல்லாமற் போயிற்று. தற்காப்புக்கென்றும் குறி சுடும் பந்தயத்திற்கென்றும் லைசென்ஸ் பெற்றவர்களே இப்போது வாங்கக் கூடியவர்கள். வாங்குவோர் தொகை குறைந்தால் விலையும் குறையும் என்பது சந்தை அறிந்த எவர்க்கும் தெரியும்.

மேலும், தோட்டா கிடைக்காத ரைபிள் எண்ணெய் இல்லாத விளக்குக்குச் சமானம். பழைய ஆங்கிலேய ரைபிள்கள் பலவற்றின் தோட்டாக்கள் இந்நாட்டில் செய்யப்படுவதில்லை. பட்டாள ரைபிளின் அளவாகிய .303 தனியாரிடம் இருத்தல் ஆகாது என்று விலக்கப்பட்டதனால், அதற்குப் பதிலாக .315 என்னும் அளவு இந்தியாவில் பரவியது. கல்கத்தாவை அடுத்த இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் இவ்வகை ரைபிள் செய்யப்பட்டு வந்திருக்கிறது. இதற்குத் தோட்டாவும் இந்நாட்டிலேயே செய்யப்படுவதால், அழகு குறைந்திருந்தும் இதற்கு ஒரு நிலையான மதிப்பு உண்டு. ஆகவே ரைபிளை மதிக்கப் புகுவோர், "இதற்குத் தோட்டா எங்கே கிடைக்கும்?" என்பதையே முதலில் கேட்கவேண்டும்.

பெயர் பொறித்திருப்பதைக் கண்டும் மயங்கலாகாது. ரிக்பி, ஹாலண்டு அண்டு ஹாலண்டு, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்பவை இங்கிலாந்தின் பேர்பெற்ற துப்பாக்கிக் கம்பெனிகள். கல்கத்தாவிலே கடை நடத்திய மாண்டன், ரோடா முதலிய கம்பெனிகளின் பெயர்களும் பல துப்பாக்கிகளில் காணப்படும். பிறர் செய்ததை வாங்கி விற்ற கடைக்காரரின் பெயரும் குழலின்மேல் பொறிக்கப்படுவதுண்டு. பெயருக்காக அதிகம் கொடுப்பவர் பழம்பொருள் சேர்க்கும் தனவந்தராக இருக்கலாம். பயிர் காக்க வாங்குகிற குடியானவனுக்குப் பெயர் ஒரு காசும் பெறாது.

3. முதலில் காகிதம்

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு விலையே கிடையாது. அது ஐந்நூறு ரூபாய்க்கு வந்தாலும் சரி, இனாமாக வந்தாலும் சரி, வாங்கியவனுக்கு நஷ்டமே. 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு இரண்டு வருஷத்துக்குக் குறையாமலும் ஐந்து வருஷம் வரையிலும் சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. அனுமதியின்றித் துப்பாக்கி செய்பவனுக்கும் விற்பவனுக்கும் தண்டனை ஏழு வருஷத்தில் தொடங்கி ஆயுள் வரையில் செல்லும். ஒரு போகம் சாமையைக் காக்கப் புறப்பட்டு, ஐந்து போகத்துக்குக் கொல்லையைத் தரிசு போடுவது எவ்வகைக் கணக்கு?

லைசென்ஸ் துப்பாக்கியைத் தொடர்ந்து செல்லாது என்பதையும் நன்றாய் மனத்தில் இருத்தவேண்டும். மாட்டை வாங்கினால் கயிறும் கூட வரும். துப்பாக்கியை வாங்கினால் விற்பவனுடைய லைசென்ஸ் நம்முடையது ஆகாது. வாங்குபவர் தம் பெயருக்கு, அந்த வகைத் துப்பாக்கிக்கு, முன்னதாகவே லைசென்ஸ் பெற்றிருக்கவேண்டும். கடைக்காரரல்லாத ஒருவர் தம்முடைய சொந்தத் துப்பாக்கியை விற்பதானால், விற்கும் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர் விலாசத்தையும் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கு அல்லது சமீபத்திய போலீஸ் ஸ்டேஷன் அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நாற்பத்தைந்து நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். "இன்றே எடுத்துக்கொள்ளுங்கள், நாளை வேறொருவர் வருகிறார்" என்று அவசரப்படுத்துபவனிடம் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுதல் உத்தமம்.

காகிதத்தில் பார்க்கவேண்டியவை இவை:

(அ) லைசென்ஸின் காலம் முடியாமல் இருக்கிறதா. 2019-க்குப் பின் அதன் காலம் ஐந்து வருஷம்.

(ஆ) லைசென்ஸில் எழுதிய நம்பரும், துப்பாக்கியில் பொறித்த நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா. ரைபிளானால் குழலிலும் போல்ட்டிலும் ஒரே நம்பர் இருத்தல் நலம்.

(இ) நம்பர் அராவப்பட்டோ மேலே மறுபடி வெட்டப்பட்டோ இருக்கிறதா. அடையாளம் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று சட்டம் அநுமானிக்கும். இல்லையென்று ரூபிக்கும் பாரம் அவர் தலைமேலே விழும்.

(ஈ) லைசென்ஸுக்குரிய தனி அடையாள எண் பதிவாகியிருக்கிறதா.

(உ) வாங்குபவரிடம் ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன. சாதாரணமாக ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கலாகாது.

"இது தாத்தா காலத்துப் பழம்பொருள், இதற்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. பழுது பார்த்தாலும் பாராவிட்டாலும் துப்பாக்கியாக உபயோகிக்கவே முடியாத பழம்பொருளுக்குத்தான் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. சுடக்கூடியதானால் லைசென்ஸ் வேண்டும். சுடவே முடியாததானால் அது சுவரில் மாட்டும் இரும்பு. இரண்டில் எதுவானாலும் விற்பவன் கேட்கும் விலைக்கு நியாயமில்லை.

தகப்பனார் காலமானபின் வீட்டில் தங்கிவிட்ட துப்பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. லைசென்ஸ்தாரர் இறந்ததும் வாரிசுகள் அதனை வீட்டில் வைத்திருத்தல் ஆகாது. தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டு, பின்பு தம் பெயருக்கு மனுச் செய்யலாம், அல்லது தகுதியுள்ளவருக்கு விற்க ஏற்பாடு செய்யலாம். கிராம நிர்வாக அலுவலர்கள் மரணம் பதிவாகும்போதே இதனை அக்குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லுவது பெரிய உபகாரமாகும். அறியாமல் பரண்மேல் போட்டுவைத்த ஒரு குழலால் விதவைத் தாயும் பிள்ளைகளும் வழக்கில் சிக்க நேரிடும்.

வழிவழியாக லைசென்ஸ் இல்லாமலே வந்த நாட்டுத் துப்பாக்கி கையிலிருப்பவர்களும் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சென்று போலீஸாரிடம் ஒப்படைத்துவிடுவதே வழி. வெள்ளைத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கிரயச் சீட்டு எழுதுவதால் குற்றம் தீராது. எழுதியவரும் சாட்சிக் கையெழுத்திட்டவரும் சேர்ந்து அகப்படுவதற்கே அச்சீட்டு உதவும்.

4. குழலைப் பரீட்சித்தல்

காகிதம் சரியாக இருந்தாலன்றிக் குழலைப் பார்க்கவேண்டியதே இல்லை. சரியாக இருப்பின் இனி மேலே செல்லலாம்.

எந்தத் துப்பாக்கியையும் கையில் வாங்கியவுடன் அதில் மருந்து இருப்பதாகவே எண்ணிக்கொள்ளவேண்டும். தோட்டாத் துப்பாக்கியை மடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியில் அப்படிப் பார்க்க முடியாது. அதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. நிப்பிளில் கேப்பு இல்லை என்று கண்டபின், கெட்டிக்கும் கோலைக் குழலினுள் அடிவரைக்கும் மெல்ல விட்டு, குழல் வாய்க்கு நேராகக் கோலில் கரியால் ஒரு குறி இடுக. பின்பு கோலை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் குறியை வாய்க்கு நேராக வைத்துப் பிடிக்க. கோலின் நுனி நிப்பிள் இருக்கும் இடம் வரையில் எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே பழைய மருந்தோ வேறொன்றோ கெட்டித்துக் கிடக்கிறதென்று அறிக. அதனைச் சுட்டுத் தீர்க்க எண்ணலாகாது. தோண்டி எடுக்கவும் கூடாது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிப் பழுதுகாரரிடமே விட்டுவிடவேண்டும்.

குழல் காலி என்று நிச்சயமான பின் கீழ்க்கண்டவற்றைப் பார்க்க.

துரு: வெள்ளைத் துணியைக் கோலில் சுற்றி உள்ளே விட்டு எடுத்தால் துணியில் கறுப்பு வந்தால் அழுக்கு, சிவப்பு வந்தால் துரு. கரிமருந்து எரிந்த சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. சுட்டவுடன் வெந்நீரால் கழுவித் துடைத்து எண்ணெய் பூசாத குழல் மழைக்காலம் ஒன்றிலேயே அரிக்கத் தொடங்கும். மருந்து தங்கும் அடிப்பாகமே முதலில் அரிக்கும். வெடியின் வேகத்தைத் தாங்கவேண்டியதும் அதே பாகந்தான். வாய்ப்பக்கம் கண்ணாடிபோல் இருக்கிறதென்று திருப்தியடைந்து அடியைப் பாராமல் விடுவோர் மிகப் பலர்.

வீக்கம்: குழலின் வெளிப்புறத்தில் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் இருபுறமும் வைத்து, அடியிலிருந்து வாய்வரைக்கும் மெதுவாக ஓட்டிச் செல்க. பாம்பு இரை விழுங்கியதுபோல் ஓரிடத்தில் விரல் ஏறி இறங்கினால் அங்கே குழல் முன்பு ஒருமுறை வெடிப்பின் விளிம்பு வரை போய்த் தப்பியிருக்கிறது. தோட்டாத் துப்பாக்கியின் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே நோக்கினால் அவ்விடத்தில் கறுப்பு வளையம் ஒன்று தோன்றும். வீங்கிய குழலுக்கு எவ்விலையும் அதிகமே.

விரிசல்: நிப்பிளைச் சுற்றியும், குழலின் அடித்திருகு சேரும் இடத்திலும் மயிரிழை போன்ற கோடுகள் உண்டா என்று பார்க்க. அங்கே கறுப்பாகப் புகை கசிந்த அடையாளம் இருந்தால் திருகு தேய்ந்து போயிற்று. இரட்டைக் குழலைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் வெண்கல மணிபோல் ஒலிக்கவேண்டும். உடைந்த பானைபோல் ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பற்று விட்டுப்போயிருக்கும்.

முத்திரை: இங்கிலாந்தில் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும், பெல்ஜியத்தில் லியேழ் நகரத்திலும், குழல்களைக் கூடுதலான மருந்திட்டுச் சுட்டுப் பரீட்சித்து முத்திரையிடும் ஸ்தாபனங்கள் உண்டு. முத்திரை இல்லாத குழல் ஒருவராலும் பரீட்சிக்கப்படாத குழல். தண்ணீர்க் குழாயையும் மோட்டார் வண்டியின் இரும்புத் தண்டையும் அறுத்துச் செய்தவை இவ்வகையைச் சேர்ந்தவை. மேற்புறத்தில் மரத்தின் வரிபோலக் கோடு கோடாகத் தோன்றும் பழைய டமாஸ்கஸ் குழல்கள் அழகாயிருக்கும். ஆயினும் அவை கரிமருந்துக் காலத்தவை. இக்காலத்துப் புகையில்லாத மருந்துத் தோட்டாவை அவற்றில் இடலாகாது.

அளவு: பழைய ஆங்கிலேயப் பன்னிரண்டு போர்த் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 2½ அங்குலம். இக்காலத்துத் தோட்டாவோ பெரும்பாலும் 2¾ அங்குலத்துக்கு உரியது. குட்டை அறையில் நீண்ட தோட்டாவை இட்டால் இடும்போது தடையின்றிச் செல்லும். ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் மிகும். ஆகையால் அறையை அளந்து பார்த்தே வாங்கவேண்டும். குழலின் மொத்த நீளத்தையும் அளக்க. மேற்படி 13-ஆவது பிரிவு சொல்லும் தோட்டாத் துப்பாக்கிக்குக் குழல் இருபது அங்குலத்துக்குக் குறையலாகாது. அறுத்துக் குட்டையாக்கிய குழலைத் தொடவே வேண்டாம்.

ரைபிள்: வாய்ப்பக்கத்தில் வரிகளின் ஓரம் கூராக இருக்கவேண்டும். கத்தி மழுங்கியதுபோல் உருண்டு தேய்ந்திருந்தால் குறி நிற்காது. போல்ட் மூடியபின் தோட்டாவின் பின்னே நிற்கும் இடைவெளி சரியா என்பதைப் பழுதுகாரர் தம் அளவுக் கருவியால்தான் சொல்லமுடியும்.

5. பூட்டும் கட்டையும்

குதிரையைப் பாதியளவு இழுத்து நிறுத்துக. அந்நிலையில் விசையை இழுத்தாலும் அது விழலாகாது. முழுவதும் இழுத்து நிறுத்திக் கட்டையின் பின்புறத்தை உள்ளங்கையால் தட்டினாலும் விழலாகாது. விழுமானால் அத்துப்பாக்கியுடன் பரண் ஏறுபவன் தன் பிள்ளைகளுக்குப் பகையாளி. குதிரையின் தலை நிப்பிளின்மேல் சாயாமல் நேராகப் பொருந்தவேண்டும். இப்பரீட்சையைச் செய்யும்போது குதிரையைக் கட்டைவிரலால் தாங்கி இறக்குக. வெறுமனே அடித்தால் நிப்பிள் நசுங்கும்.

மடிக்கும் துப்பாக்கியில் குழலும் பின்தகடும் சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க. வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் கீல் தேய்ந்தது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, அடிக்கட்டையைப் பிடித்துக் குலுக்கினால் ஆட்டம் இருக்கக்கூடாது.

கட்டையில் எளிதில் முறியும் இடம் கைப்பிடிக்கும் கழுத்து. அங்கே செம்புக் கம்பியோ தகடோ சுற்றியிருந்தால் அழகுக்காக என்று எண்ணாமல், உள்ளே முறிவு உண்டென்று கொள்க. கட்டையை மாற்றுவது கூடும். ஆதலால் இது விலையைக் குறைக்கும் குற்றமேயன்றி, விலக்கும் குற்றமன்று.

6. விலை கணக்கிடும் முறை

லைசென்ஸ் பெற்ற இரண்டு மூன்று கடைகளில், அதே வகைப் புதுத் துப்பாக்கியின் அன்றைய விலையை விசாரித்து, அதனை நூறு பங்காக வைத்துக்கொள்க. புதிதாய்ச் செய்யப்படாத வகையானால் அவ்வேலையைச் செய்யக்கூடிய வேறு வகையின் விலையை எடுத்துக்கொள்க. எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் பயிர்க்காவலுக்கான பழைய துப்பாக்கிக்கு எழுபது பங்குக்குமேல் கொடுப்பதில்லை என்று முதலில் ஒரு வரம்பு கட்டிக்கொள்வது நல்லது. பின்பு குற்றங்களுக்குக் கழிக்கவேண்டும். நான் குடியானவர்களுக்குச் சொல்லிவரும் கழிவு இது: குழலினுள் மேலோட்டமான அரிப்புக்குப் பத்துப் பங்கு, பூட்டின் தேய்வுக்குப் பத்து, கீலின் ஆட்டத்துக்குப் பதினைந்து, கட்டையின் முறிவுக்கு ஐந்து. அடியில் ஆழ்ந்த அரிப்பு, வீக்கம், விரிசல், அழிந்த நம்பர் ஆகிய நான்கில் ஒன்றிருந்தாலும் கழிவுக் கணக்கே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். மீதத்திலிருந்து பழுது பார்க்கும் செலவையும் பரீட்சைக் கூலியையும் ரூபாயாகக் கழிக்க.

கணக்கு விளங்கும்பொருட்டு ஓர் உதாரணம். புதிதின் விலை ரூ. 10,000 என்று வைத்துக்கொள்வோம். எழுபது பங்கு ரூ. 7,000. குழலில் சிறு அரிப்புக்கு ரூ. 1,000-மும், கட்டையின் கழுத்துக்கு ரூ. 500-மும் கழிக்க ரூ. 5,500 நிற்கும். நிப்பிளும் வில்லும் மாற்ற ரூ. 600, பழுதுகாரர் பரீட்சிக்க ரூ. 300. ஆக நியாய விலை ரூ. 4,600. விற்பவர் ரூ. 7,500 கேட்டால், கணக்கை அவர் முன்னிலையிலேயே எழுதிக் காட்டலாம். யோக்கியர் இறங்கி வருவார். இறங்காதவரிடம் வாங்காததால் நமக்கு நஷ்டமில்லை. இங்கே கூறிய ரூபாய்த் தொகைகள் கணக்கு முறையைக் காட்டவே எழுதப்பட்டன. சந்தை விலையை அவரவர் விசாரித்து அறிக.

7. வாங்கத்தான் வேண்டுமா

ஜமுனாமரத்தூருக்குச் சில மைல் தொலைவில் ஒரு சிற்றூரில் என்னிடம் கேழ்வரகு விதை வாங்க வந்த பெரியவர் ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல்களே இருந்தன. விசாரித்தபோது, இளமையில் இரண்டு ஆட்டின் விலைக்கு ஒரு குழலை வாங்கியதாகவும், மூன்றாம் மாதத்தில் அது நிப்பிளின் அருகே பிளந்ததாகவும் சொன்னார். "மலிவாய் இருந்ததுங்க ஐயா, உள்ளே பார்க்கணும்னு அப்போ யாரும் சொல்லலே" என்றார். அவருடைய கொல்லையைப் பார்க்கப் போனேன். மூன்று புறமும் முள்வேலி கட்டி, நான்காவது புறத்தில் அடுத்த கொல்லைக்காரருடன் முறைவைத்துப் பரண் காவல் செய்துவருகிறார். துப்பாக்கி இல்லாமலே அவருடைய சாமை வீடு வந்து சேருகிறது.

இக்காலத்துக் குடியானவர் மற்றொன்றையும் ஆலோசிக்கவேண்டும். பயிர்க்காவல் லைசென்ஸ் இருப்பதால் மட்டும் பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. 2022-இல் திருத்தப்பட்ட வனஜீவிகள் சட்டத்தில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிருக்குக் கேடு செய்யும் விலங்கானாலும், அதைக் கொல்ல வன இலாகாவின் அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தர் எழுத்து மூலம் உத்தரவு தரவேண்டும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசாங்கம் வெளியிட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுதல் இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரையில் பிடித்துக் காட்டில் விடுவது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வன இலாகாவினரே சுடுவது. நமது மலைக் கொல்லைகள் பெரும்பாலும் காட்டை ஒட்டியே இருக்கின்றன. எனவே இங்கே துப்பாக்கியால் ஆகக்கூடியது பெரும்பாலும் சத்தம் ஒன்றே. அச்சத்தமும் பன்றிக்குச் சில நாளில் பழகிப்போகும்.

ஆகவே கடைசிக் கணக்கு இது. மேலே கண்ட நியாய விலையுடன் லைசென்ஸ், மருந்து, பராமரிப்பு ஆகியவற்றின் செலவைக் கூட்டுக. அதே பணத்தில் எத்தனை கெஜம் வேலி கட்டலாம், எத்தனை இரவு கூலிக் காவல் வைக்கலாம் என்று ஒப்பிட்டுப் பார்க்க. சூரிய சக்தியால் ஓடும் வேலிக்கு வேளாண் பொறியியல் இலாகாவின் மூலம் மானியம் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. அதன் நிலவரத்தைத் தாலுகா ஆபீசிலோ இலாகா ஆபீசிலோ கேட்டறியலாம். வீட்டு மின்கம்பியிலிருந்து நேரே வேலிக்கு மின்சாரம் இழுப்பது மட்டும் மனிதக் கொலைக்குச் சமானமாதலால் ஒருவரும் செய்யலாகாது. பயிர்ச் சேதத்துக்கு நஷ்டஈடு கோருவோர் சேதம் கண்ட அன்றே வன இலாகாவுக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவிப்பது அவசியம். அடிச்சுவடு அழிந்தபின் சாட்சி கிடைப்பது அரிது.

இவ்வளவும் ஆலோசித்த பின்பும் துப்பாக்கி வேண்டும் என்பவர், காகிதம், குழல், பூட்டு என்ற ஒழுங்கில் பார்த்து, கணக்குப் போட்டு, நாற்பத்தைந்து நாள் பொறுத்து வாங்குவாராக. வாங்கியபின் மருந்தும் கேப்பும் ஓரிடத்தில், துப்பாக்கி வேறிடத்தில், இரண்டும் பூட்டுக்குள்ளே பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.